ஹெர்மன் மெல்வில்

1891ம் வருஷம் செப்டம்பர் மாதம் 28ந் தேதியன்று நியூயார்க் நகரில் ஹெர்மன் மெல்வில் என்ற கிழவர் தமது 72வது வயதில் காலஞ்சென்றார். முன்னொரு காலத்தில் தென்கடல் தீவுகளைப் பற்றிக் கதைகள் எழுதியவர் என்று அவ்வூர்ப் பத்திரிகைகள் சில வரிகளில் சொல்லி முடித்தன. அவருடைய நூல்களிற் பெரும்பாலானவை அப்பொழுது கடைகளில் கிடைப்பதுமில்லை. இன்றோ அவரது திமிங்கிலக் கதை உலகத்தின் மகா காவியங்களோடு வைத்து எண்ணப்படுகிறது. அந்தக் கீர்த்தியை விவரிக்க நாம் இங்கு புகவில்லை. மனிதரை மனிதர் விலைக்கு விற்றுக்கொண்டிருந்த ஒரு குடியரசில், வெள்ளையரல்லாத ஜனங்களை அவர் தமது கதைகளுக்குள் எவ்வாறு அழைத்து வந்தார், அதற்கு அவரிடம் இருந்த தைரியம் எவ்வளவு, அந்தத் தைரியம் எந்த இடத்தில் அவரைக் கைவிட்டது என்பவையே நமது விஷயம்.

மெல்வில் 1819ம் வருஷம் ஆகஸ்டு முதல் தேதி நியூயார்க்கில் பிறந்தார். சுதந்திரப் போரின் புகழ் அவருக்கு இரு வழியிலும் குலதனமாக வந்தது. தாயைப் பெற்ற பாட்டனார் பீட்டர் கான்ஸ்வோர்ட் 1777ல் ஸ்டான்விக்ஸ் கோட்டையை ஆங்கிலப் படையிடம் விடாது காத்தவர். தந்தையைப் பெற்ற பாட்டனார் தாமஸ் மெல்வில் 1773ல் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டிய கூட்டத்தில் ஒருவர். அந்தத் தேயிலை, நமது தேசத்தை அடிமைப்படுத்திய அதே கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்கு என்பது நம்மவர் நினைவில் வைக்கத்தக்கது. அன்றிரவு அந்தத் தேசபக்தர்கள் செவ்விந்தியரைப் போல வேஷம் பூண்டு கப்பலேறினார்கள். சுதந்திரத்தின் பெயரால் செய்த முதற் காரியத்திற்கே, நிலத்தைப் பறிகொடுத்த ஜனங்களின் கோலம் அவர்களுக்கு வேண்டியிருந்தது!

பரம்பரைப் பெருமை வயிற்றை நிரப்பவில்லை. பிரெஞ்சுத் துணிமணிகளை வரவழைத்து விற்றுவந்த தந்தையார் 1830ல் வியாபாரத்தில் முறிந்து, குடும்பத்துடன் ஆல்பனி நகருக்குப் போய், 1832 ஜனவரியில் கடனோடு இறந்தார். பன்னிரண்டு வயதுப் பையன் படிப்பை நிறுத்தி ஒரு பாங்கியில் குமாஸ்தாவானான். பிறகு சகோதரரின் தோல் கடை, கிராமப் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர் வேலை என்று எதுவும் நிலைக்காமற் போகவே, 1839ல் ஒரு வியாபாரக் கப்பலில் கடைநிலைக் கூலியாளாகச் சேர்ந்து லிவர்பூலுக்குப் பிரயாணமானார்.

லிவர்பூலில் அவர் கண்ட காட்சிகள், பத்து வருஷங் கழித்து 1849ல் வெளிவந்த 'ரெட்பர்ன்' என்னும் நாவலில் இடம் பெற்றன. அந்நகரத்தில் நெல்சன் தளபதிக்கு எழுப்பிய ஞாபகச் சின்னத்தின் அடியில், விலங்கிட்ட நான்கு கைதிகளின் உருவங்கள் உண்டு. நெல்சனின் வெற்றிகளைக் குறிப்பதற்காகச் சிற்பி அமைத்த அவ்வுருவங்களைப் பார்க்கும் கதாநாயகனுக்கு ஞாபகம் வருவது, சந்தையில் விற்கப்படும் ஆப்பிரிக்க அடிமைகள். அந்த ஊரின் செல்வம் எந்த வியாபாரத்தால் வளர்ந்தது என்பதையும் அவன் அங்கேயே நினைத்துக்கொள்கிறான். இன்னொரு நாள், தன் கப்பலில் வேலை செய்யும் ஒரு கறுப்பர் நல்ல உடையணிந்து ஓர் ஆங்கில மாதுடன் கைகோத்துத் தெருவில் உலாவுவதைக் கண்டு திடுக்கிடுகிறான். நியூயார்க்காயிருந்தால் அந்த மனிதரைக் கும்பல் சூழ்ந்திருக்கும். யாவரும் சமமென்று சாசனம் எழுதிய தேசத்தில் கிடைக்காதது அன்னிய மண்ணில் சாதாரணமாகக் கிடைக்கிறதே என்று அந்த இளைஞன் வெட்கப்படுகிறான். வெட்கம் வருவதற்கு முன் வந்த திடுக்கத்தையும் ஆசிரியர் மறைக்கவில்லை. அந்த நேர்மையை நாம் மதிக்கிறோம்.

அதே நூலில் பம்பாயிலிருந்து வந்து துறையில் நிற்கும் 'ஐராவதி' என்ற கப்பல் ஒன்று வருகிறது. அதன் அதிகாரிகள் ஆங்கிலேயர். வேலைக்காரர்களோ மலாய்க்காரர், மராட்டியர், பர்மியர், இலங்கையர் எனப் பல தேசத்து லஸ்கர்கள். ஊரார் ஞாயிறுதோறும் திரண்டு வந்து அவர்களை வேடிக்கை பார்க்கிறார்கள். கதாநாயகனோ கப்பலுக்குட் சென்று ஒரு லஸ்கரோடு பேச்சுக் கொடுத்து, அவர் சொல்லும் செய்திகளைப் பாடங் கேட்பவனைப் போலக் கேட்டுக்கொள்கிறான். வேடிக்கை பார்ப்பவனுக்கும் பேசிப் பார்ப்பவனுக்கும் உள்ள வித்தியாசந்தான் மெல்வில்லின் கதைகளுக்கெல்லாம் வித்து.

1841ம் வருஷம் ஜனவரி 3ந் தேதி அவர் நியூ பெட்போர்டுக்கு எதிர்க்கரையிலுள்ள பேர்ஹேவனிலிருந்து 'அக்குஷ்நெட்' என்னும் திமிங்கில வேட்டைக் கப்பலில் புறப்பட்டார். அடிமைத்தளையை அறுத்துக்கொண்டு ஓடிவந்த பிரடெரிக் டக்ளஸ் அக்காலத்தில் அந்த நியூ பெட்போர்டில்தான் கூலி வேலை செய்து பிழைத்திருந்தார். அவர் நாண்டக்கட் தீவில் முதல் முதலாக மேடையேறிப் பேசியதும் அதே வருஷம் ஆகஸ்டு மாதத்தில். திமிங்கில வேட்டை உயிருக்கு மோசமான தொழில். கூலியும் வேட்டையின் லாபத்தில் ஒரு சொற்பப் பங்குதான். ஆகையால் மற்ற இடங்களில் வேலை கிடையாத கறுப்பர்களும், செவ்விந்தியர்களும், பஸிபிக் தீவினரும் அக்கப்பல்களில் வெள்ளையரோடு ஒரே தளத்தில் உண்டு உறங்கினார்கள். தமக்குக் கலாசாலையென்று ஒன்று இருந்ததாயின் அது திமிங்கிலக் கப்பலே என்று மெல்வில் பிற்காலத்தில் கதாபாத்திரத்தின் வாயிலாகக் கூறியதற்குப் பொருள் இது.

ஒன்றரை வருஷத்தில் கப்பல் வாழ்வு சலித்துப் போயிற்று. 1842 ஜூலையில் மார்க்கேஸாஸ் தீவுக் கூட்டத்தில் நுக்கு ஹிவா என்ற தீவில் ரிச்சர்டு டோபியாஸ் கிரீன் என்ற தோழருடன் கப்பலை விட்டு ஓடிப்போனார். அச்சமயம் பிரெஞ்சு யுத்தக் கப்பல்கள் அத்தீவுகளைத் தமது தேசத்துக்கு உரிமையாக்கிக்கொண்டு துறையில் நின்றன. நரமாமிச பக்ஷணிகள் என்று மாலுமிகள் அஞ்சிய டைப்பீ ஜனங்களின் பள்ளத்தாக்கில் சுமார் ஒரு மாத காலம் அவர் வசித்தார். அவர்கள் அவரைத் தின்னவில்லை, வைத்து உபசரித்தார்கள். பின்பு தாஹித்தியிலும் ஹவாய்த் தீவுகளிலும் அலைந்து, அமெரிக்க யுத்தக் கப்பலொன்றில் சேர்ந்து, 1844 அக்டோபரில் பாஸ்டனில் இறங்கினார். அந்தக் கப்பலில் நூற்றுக்கு மேற்பட்ட கசையடித் தண்டனைகளை அவர் கண்ணால் கண்டார். அதன் பலனாக எழுந்த நூலே 1850ல் வந்த 'ஒயிட் ஜாக்கெட்'. அதே வருஷம் அமெரிக்கக் காங்கிரஸ் கடற்படையில் கசையடியை ஒழித்தது.

1846ல் 'டைப்பீ' வெளிவந்தது. ஒரு மாதத்தை நான்கு மாதமாக நீட்டியும், பிறர் எழுதிய பிரயாண நூல்களிலிருந்து செய்திகளை எடுத்துச் சேர்த்தும் எழுதிய புத்தகம் அது. எனினும் அதன் சாரம் பொய்யன்று. காட்டுமிராண்டிகள் என்று வெள்ளையர் பெயரிட்டவர்களிடம் தாம் கண்ட அன்பையும் ஒழுங்கையும் எடுத்துச் சொல்லி, பீரங்கியோடும் வியாதியோடும் மதப் பிரசாரத்தோடும் அவர்கள் மீது இறங்கிய நாகரிகத்தைப் பற்றி அவர் கடுமையாக எழுதினார். ஹொனலூலுவில் சுதேசிகளை வண்டிமாடுகளைப் போலப் பூட்டி அவர்கள் இழுக்கப் பாதிரிகளின் குடும்பத்தார் சவாரி செய்ததையும் எழுதினார். பாதிரிமார் சங்கங்களுக்கு வேண்டியவர்கள் கூச்சலிட்டார்கள். அமெரிக்கப் பிரசுரகர்த்தர் அப்பகுதிகளை நீக்கச் சொன்னார். மெல்வில் சம்மதித்தார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தேழு; பணம் வேண்டும், பெயர் வேண்டும், கல்யாணமும் ஆகவேண்டும்.

அந்தக் கல்யாண விஷயத்தைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். 1847 ஆகஸ்டில் அவர் மணந்துகொண்ட எலிஸபெத், மாஸச்சுஸெட்ஸ் மாகாணத்துப் பிரதம நீதிபதி லெமுவெல் ஷா அவர்களின் குமாரத்தி. 'டைப்பீ'யைச் சமர்ப்பணம் செய்ததும் இதே ஷாவுக்குத்தான். மருமகனுக்குப் பண்ணை வாங்கப் பணம் கொடுத்தவரும், பிற்காலத்தில் தேக சௌக்கியத்துக்காகப் பாலஸ்தீன யாத்திரைக்கு அனுப்பியவரும் அவரே. ஷா கொடியவரல்லர், அடிமை முறையை மனதார வெறுத்தவர். எஜமானியுடன் பாஸ்டனுக்கு வந்த ஓர் அடிமைச் சிறுமியை, தமது மாகாணத்து மண்ணை மிதித்தவளை அடிமையாக வைக்க முடியாது என்று 1836ல் விடுதலை செய்தவர். ஆனால் கறுப்புக் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளிக்கூடம் வைப்பது சட்டவிரோதமல்லவென்று பாஸ்டன் நகர வழக்கில் தீர்ப்பளித்தவரும் அவரே. அந்தத் தீர்ப்பை மேற்கோளாகக் கொண்டுதான் 1896ல் அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட்டு, பிரித்து வைப்பதும் சமத்துவமே என்ற விபரீத சித்தாந்தத்தை நிலைநாட்டியது.

1850 செப்டம்பரில், ஓடிப்போன அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கும் சட்டம் நிறைவேறிற்று. 1851 ஏப்ரலில் தாமஸ் ஸிம்ஸ் என்ற கறுப்பு இளைஞன் பாஸ்டனில் பிடிபட்டான். ஜனங்கள் புகாதபடி நீதிமன்றக் கட்டிடத்தைச் சுற்றி இரும்புச் சங்கிலி கட்டினார்கள். பிரதம நீதிபதியும் அந்தச் சங்கிலியின் கீழ்க் குனிந்து செல்லவேண்டியிருந்தது. சட்டம் சட்டமே என்று சொல்லி ஷா அவனை விடுவிக்க மறுத்துவிட்டார். ஸிம்ஸ் ஜார்ஜியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டு, சவானா நகரில் பகிரங்கமாகக் கசையடி பட்டான். அதே மாதங்களில், அதே மாகாணத்தின் மேற்குக் கோடியில், பிட்ஸ்பீல்டு பண்ணை வீட்டில் மெல்வில் 'மோபி டிக்' எழுதிக்கொண்டிருந்தார். மாமனாரின் தீர்ப்பைக் குறித்து மருமகன் பகிரங்கமாக ஒரு வார்த்தையும் பேசவில்லை.

கதையில் பேசினார். 'மோபி டிக்' 1851ம் வருஷக் கடைசியில் லண்டனிலும் நியூயார்க்கிலும் வெளிவந்தது. கதை சொல்லும் இஷ்மாயில் என்ற இளைஞன், நியூ பெட்போர்டுச் சத்திரத்தில் இடமில்லாமல் முன்பின் அறியாத ஒருவனுடன் ஒரே படுக்கையில் படுக்க நேர்கிறது. வந்தவன் உடம்பெல்லாம் பச்சை குத்திய தென்கடல் தீவினன், பெயர் க்வீக்வெக், ஒரு சிற்றரசனின் மகன். முதலில் பயந்து அலறும் இஷ்மாயில், இரண்டு நாளைக்குள் அவனைத் தன் உற்ற தோழனாகக் கொண்டு, அவனுடைய விக்கிரகத்துக்கு முன் அமர்ந்து அவனோடு வழிபாட்டிலும் கலந்துகொள்கிறான். நாண்டக்கட்டுக்குப் போகும் படகில் தன்னைக் கேலி செய்த வெள்ளைக்காரன் கடலில் விழுந்தபோது, க்வீக்வெக் குதித்து அவனை மீட்டுவிட்டு, பெரிதாக எதுவும் செய்யாதவனைப் போலச் சுருட்டுக் குழாயைப் பற்றவைத்துக்கொள்கிறான். முடிவில் கப்பல் மூழ்கி அனைவரும் மாண்டபோது இஷ்மாயில் ஒருவனைக் காப்பது, க்வீக்வெக் தனக்கென்று செய்து வைத்திருந்த சவப்பெட்டி.

அந்தக் கப்பலின் பெயரே 'பீக்வாட்'. 1637ல் வெள்ளைக் குடியேறிகள் சங்காரஞ் செய்த ஒரு செவ்விந்திய ஜாதியின் பெயர் அது. அந்த ஜாதி பூண்டற்றுப் போயிற்று என்று மெல்வில் எழுதியது பிழை. அவர்களுடைய சந்ததியார் கனெக்டிகட்டில் இன்றும் வாழ்கிறார்கள். ஈட்டியெறியும் மூன்று வீரர்களில் க்வீக்வெக் தீவினன், டாஷ்டெகோ செவ்விந்தியன், டாகூ ஆப்பிரிக்கன். கட்டளையிடுவோர் வெள்ளையர்; திமிங்கிலத்தின் மீது ஈட்டி பாய்ச்சுவோர் இவர்கள். அமெரிக்காவின் இருப்புப் பாதைகளும் கால்வாய்களும் எவ்வாறு ஆயின என்பதை மெல்வில் இந்த இடத்திலேயே ஒப்பிட்டுச் சொல்லுகிறார்.

பிப் என்ற கறுப்புச் சிறுவனின் வரலாறு நெஞ்சை உருக்குவது. படகிலிருந்து பயந்து குதித்த அவனை முதல் முறை தூக்கிவிடுகிறார்கள். மறுபடி குதித்தால் விட்டுவிடுவோம், அலபாமாச் சந்தையில் உனக்குக் கிடைக்கும் விலையைப் போல் முப்பது மடங்கு ஒரு திமிங்கிலத்துக்குக் கிடைக்கும் என்று அதிகாரி சிரித்துக்கொண்டே சொல்லுகிறான். சிறுவன் மறுபடி குதிக்கிறான், விட்டுவிடுகிறார்கள். எல்லையற்ற நீரில் தலை மட்டும் தெரிய மிதந்த பிப், தற்செயலாக மீட்கப்பட்டபோது புத்தி பேதலித்திருந்தான். ஸிம்ஸுக்கு விலை கட்டி அனுப்பிய வருஷத்தில் வந்த புத்தகத்தில் இந்தக் கணக்கு இருக்கிறது. பிரதம நீதிபதி இந்தப் பக்கத்தைப் படித்தபோது என்ன நினைத்திருப்பார்?

குறையையும் சொல்லிவிட வேண்டும். அக்கப்பலில் பெடல்லா என்று ஒரு பார்ஸி வருகிறான். காப்டனின் துர்ப்போதகன்; நிழலைப் போல் வந்து நிழலைப் போல் மறைபவன்; சாத்தானே மாறுவேஷத்தில் வந்தானோ என்று மாலுமிகள் அஞ்சும் பிறவி. க்வீக்வெக்குக்கு இதயத்தைக் கொடுத்த ஆசிரியர் இவனுக்கு ஒரு மனித வார்த்தையைக்கூடக் கொடுக்கவில்லை. தீவினரோடு அவர் உண்டு உறங்கியிருந்தார்; பார்ஸிகளைப் புத்தகத்தில் மட்டுமே அறிந்திருந்தார் போலும். இதற்கு நாலே வருஷத்துக்குப் பின், 1855ல், தாதாபாய் நௌரோஜி என்ற பார்ஸி இளைஞர் வியாபார நிமித்தம் இங்கிலாந்துக்குச் சென்று, மெல்வில் நடந்த அதே லிவர்பூல் தெருக்களில் நடந்தார். அவரைக் கண்டு பேசியிருந்தால் பெடல்லா வேறு விதமாகப் பிறந்திருப்பான் என்று நமக்குத் தோன்றுகிறது. கிழட்டுக் கறுப்புச் சமையற்காரனை வைத்து நகையாடும் அத்தியாயமும் அந்நூலுக்குக் கௌரவமன்று.

புத்தகம் விலை போகவில்லை. ஆசிரியரின் ஆயுட்காலம் முழுவதிலும் விற்ற பிரதிகள் மூவாயிரத்தைச் சற்றே தாண்டின. 1852ல் எழுதிய 'பியேர்' அடியோடு தோற்றது. அடுத்த வருஷம் பிரசுராலயத்தில் தீப்பற்றி, மிச்சமிருந்த புத்தகங்களும் எரிந்தன. பத்திரிகைகளுக்குச் சிறு கதைகள் எழுதிக் காலந்தள்ளிய இந்த நாட்களில்தான், 1855ம் வருஷத்து இறுதி மூன்று மாதங்களில், 'பெனிட்டோ ஸெரினோ' வெளிவந்தது.

ஒரு ஸ்பானியக் கப்பல் நிலைகுலைந்து சிலி நாட்டுக் கரையோரம் வருகிறது. டெலானோ என்ற அமெரிக்கக் காப்டன் உதவி செய்ய அதில் ஏறுகிறான். நல்ல மனிதன், தர்மவான், கறுப்பர்களிடம் பிரியமுள்ளவன். நாய்க்குட்டிகளிடம் ஒருவனுக்குள்ள பிரியத்தைப் போன்றது அது. நோயாளியான ஸ்பானியக் காப்டனைக் கைத்தாங்கலாக நடத்திச் செல்லும் பாபோ என்ற கறுப்பு வேலைக்காரனின் பக்தியைக் கண்டு அவன் மெய்ம்மறந்து போகிறான். பாபோ தன் எஜமானனுக்கு க்ஷவரம் செய்கிறான். கழுத்தில் கட்டிய துணி ஸ்பெயின் தேசத்துக் கொடி. சவரக்கத்தி தொண்டையருகே நிற்க, எஜமானன் நடுங்க, டெலானோ ரஸித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான். உண்மை என்னவெனில், அடிமைகள் ஏற்கெனவே எழுச்சி செய்து, தங்கள் உடைமைக்காரனைக் கொன்று, கப்பலைக் கைப்பற்றிவிட்டார்கள். எஜமானன் கைதி, வேலைக்காரன் தலைவன், நடந்ததெல்லாம் நாடகம். கறுப்பருக்கு இத்தகைய மூளை இருக்கக்கூடும் என்ற எண்ணமே இல்லாதபடியால் அந்தத் தர்மவானின் கண்ணுக்கு எதுவும் தென்படவில்லை. அன்பு செலுத்தும் எஜமானர்களின் குருட்டுத்தனத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டிய கதை வேறொன்றை நாம் படித்ததில்லை.

1805ல் டெலானோ என்ற மெய்யான காப்டன் கண்டு பிற்பாடு எழுதி வைத்த சம்பவம் அது. மெல்வில் அதை 1799க்குத் தள்ளி, கப்பலுக்கும் ஸான் டொமினிக் என்று பெயர் மாற்றினார். ஹெயித்தித் தீவின் அடிமைகள் பிரெஞ்சு ஆதிக்கத்தை எதிர்த்துப் போராடி வந்த காலம் அது. ஸாந்தொமிங்கு என்பது அத்தீவின் பழைய பெயர். அமெரிக்கத் தென்னாட்டுப் பிரபுக்களுக்குத் தூக்கத்தைக் கெடுத்த பெயரும் அதுவே. பிடிபட்டபின் பாபோ வாய் திறக்கவில்லை. லிமா நகரில் அவனைக் கொன்று தலையைக் கம்பத்தில் வைத்தார்கள். அந்தத் தலை வெள்ளையரின் பார்வைக்குக் கூசாமல் எதிர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது என்பதோடு கதை ஏறக்குறைய முடிகிறது. ஆசிரியர் யார் பக்ஷம் என்று அறிஞர்கள் வெகுகாலம் வாதாடினார்கள். பாபோவின் மனத்துக்குள் அவர் நுழையவில்லை, நுழைய உரிமையுண்டென்றும் நினைக்கவில்லை என்பது நமது அபிப்பிராயம்.

1857ல் வந்த கடைசி நாவலில், செவ்விந்தியரைக் கொல்லுவதையே விரதமாகக் கொண்ட ஒரு வெள்ளையனின் கதையை, பக்தனின் சரித்திரத்தைச் சொல்லும் தோரணையில் சொல்லி, அந்தத் துவேஷத்தின் முகத்தை வெளிப்படுத்தினார். அதற்குப் பின் நாவல் இல்லை. 1861ல் மாமனார் இறந்தார். அவ்வருஷமே உள்நாட்டு யுத்தம் மூண்டு, 1865ல் அடிமை முறை ஒழிந்தது.

வாயைத் திறந்து நேராகப் பேச மெல்வில்லுக்கு இப்பொழுது தடையில்லை. 1866ல் யுத்தத்தைப் பற்றிய செய்யுட்களை வெளியிட்டு, அதன் இறுதியில் வசனத்தில் ஓர் அநுபந்தமும் சேர்த்தார். தோற்ற தென்னாட்டாரிடம் பகைமை பாராட்டலாகாது என்பது அதன் சாரம்; அது பெருந்தன்மையே. ஆனால் விடுதலையடைந்த கறுப்பருக்காகப் பரிவதில், இயற்கையில் நமக்கு இன்னும் நெருங்கியவர்களான வெள்ளையரை மறந்துவிடக் கூடாது என்றும் அதில் எழுதினார். மண்ணும் வாக்குரிமையும் இல்லாத நாற்பது லக்ஷம் ஜனங்கள் நடுத்தெருவில் நின்ற சமயம் அது. க்வீக்வெக்கோடு ஒரே கம்பளியின் கீழ்ப் படுத்துறங்கிய இஷ்மாயில் எங்கே, நெருங்கியவர் தூரத்தவர் என்று அளந்து பார்க்கும் இந்தக் கனவான் எங்கே? கதையில் கண்ட உண்மையைக் கட்டுரையில் சொல்ல அவரால் இயலவில்லை. இதை மன்னிப்பவர்கள் மன்னிக்கலாம். நாம் மறைக்க விரும்பவில்லை.

1866 டிசம்பரில் நியூயார்க் துறைமுகத்தில் சுங்கப் பரிசோதகர் உத்தியோகம் கிடைத்தது. தினம் நான்கு டாலர் சம்பளம். லஞ்சம் மலிந்த அந்த இலாகாவில் பத்தொன்பது வருஷம் கை சுத்தமாக உழைத்தார். மூத்த குமாரன் மால்கம் 1867ல் வீட்டிலேயே துப்பாக்கிக் குண்டுபட்டு மாண்டான். இளையவன் ஸ்டான்விக்ஸ் 1886ல் ஸான்பிரான்ஸிஸ்கோவில் இறந்தான். இடையில் எழுதிய செய்யுள் நூல்களை இருபத்தைந்து பிரதிகள் அச்சிட்டு நண்பருக்குக் கொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டார்.

உத்தியோகத்தினின்று விலகியபின் கடைசி வருஷங்களில் மறுபடியும் ஒரு கதை எழுதத் தொடங்கினார். யுத்தக் கப்பலில் ஒரு மாலுமி குற்றமறியாது ஓர் அதிகாரியின் சாவுக்குக் காரணமாகிறான். அவன் நிரபராதி என்று மனம் சொல்லியும், சட்டத்துக்குக் கட்டுப்பட்டு அவனைத் தூக்கிலிடச் செய்கிறார் காப்டன். 1851ல் பாஸ்டன் நீதிமன்றத்தின் சங்கிலிக்குக் கீழே குனிந்து சென்ற வயோதிகர் ஒருவரை இந்தக் காப்டனிடத்தில் காண்பது நமக்குத் தவறாகத் தோன்றவில்லை. ஆனால் கதை அந்த மாலுமியிடமிருந்து தொடங்கவில்லை. எழிலும் பலமும் வாய்ந்த மாலுமி எப்படி இருப்பான் என்பதற்கு ஆசிரியர் முதலில் காட்டும் திருஷ்டாந்தம், லிவர்பூல் துறையில் அரை நூற்றாண்டுக்கு முன் கண்ட ஒரு கறுப்பு ஆப்பிரிக்கர். காதில் பொற்குண்டலம், கழுத்தில் வர்ணத் துணி, ஓங்கிய உருவம். பல ஜாதித் தோழர்கள் தம்மைச் சுற்றி வர, வழிப்போக்கர் நின்று வியக்க, அவர் ராஜநடை போட்டுச் செல்கிறார். திருத்தியும் அடித்தும் எழுதிய அந்தக் கைப்பிரதி முடிவு பெறாமலே இருக்க மெல்வில் இறந்தார். மனைவியார் அதைப் பத்திரப்படுத்தி வைத்தார். 1924ல் அது 'பில்லி பட்' என்ற பெயரால் முதல் முறையாக அச்சேறியது.